கேக்வெட்டியல்: விவேக் நகர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் அறிமுகம்

பெங்களூரு தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சிவன் என்று எண்ண வேண்டாம், உள்ளே இருப்பவர் பெருமாள். சோழர், ஒய்சளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உண்டு. அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகா 9ஆம் தொகுதியில் இவை இடம்பிடித்துவிட்டன. அங்கிருந்து ஆட்டோ தூரத்தில் உள்ள விவேக் நகரிலோ நாள்தோறும் சாசனங்கள் பொறிக்கப்படுகின்றன. அன்று மாலையே மெழுகுவர்த்தி ஊதி, கைதட்டி, அழிக்கப்படுகின்றன. இவை எந்தத் தொகுதியிலும் ஏறவில்லை. கேக்கின் மேல் கிரீமால் எழுதப்படும் இச்சாசனத்தைக் கேக்வெட்டு என்றும், அதை எழுதவும் படிக்கவும் பயிலும் துறையைக் கேக்வெட்டியல் என்றும் வழங்கலாம் என்க.

ஆய்வின் எல்லை ஒருபுறம் ஆஸ்டின் டவுன், மறுபுறம் ஈஜிபுரம். துல்லியமான எல்லையை வரையறுக்க ஆட்டோக்காரர்கள் இருவரை அணுகியதில் மூன்று கருத்துகள் கிடைத்தன.

வரலாற்றைச் சுருக்கிவிடலாம். ரைஸின் தொகுதி வந்த அதே 1905இல் முத்துசாமி முதலியார் நீலகிரியில் வெண்ணெய், பால் வியாபாரம் தொடங்கினார். அதுதான் நீல்கிரீஸ்; 1936இல் பெங்களூரு பிரிகேட் சாலைக்கு வந்தது. கல்வெட்டும் வெண்ணெயும் ஒரே ஆண்டில் சேர்ந்ததைத் தற்செயல் என்போர் உண்டு. அவர்கள் முனைவர் பட்டம் பெறுவது கடினம். நீல்கிரீஸோடு ஒட்டி 1970களில் தொடங்கிய டிசம்பர் கேக் கண்காட்சி, 2024இல் ஐம்பதாவது ஆண்டைத் தொட்டது. ஆளுயரத்துக்கு மேல் எழும் சர்க்கரைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு, ஜனவரியில் ஒருவர் கேக் அலங்கார வகுப்பில் சேர்கிறார். முதல் நாள் அவர் கையில் தரப்படுவது ஒரு வட்ட ஸ்பாஞ்சும், அதை நேராக வெட்டு என்னும் கட்டளையும்.

மாணவர் ஐவகைப்படுவர்: யூடியூப் பார்த்துவிட்டு வருபவர், யூடியூபைத் திருத்த வருபவர், மகளின் புதுநன்மை விழாவுக்காக வருபவர், வீட்டிலிருந்தே விற்க எண்ணி வருபவர், வீட்டில் மாமியார் வந்து தங்கியிருப்பதால் வருபவர். இவ்வகைப்பாட்டால் பயன் ஏதும் இல்லை. ஆனால் வகைப்பாடு இல்லாத கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்பதில்லை.

கிரீமுக்கு வருவோம். வகுப்புகளில் பெரும்பாலும் அடிப்பது பாலில்லாத விப்பிங் கிரீம். செம்பனைக் கொட்டை எண்ணெயிலிருந்து வருவது. ஃப்ரீசரில் உறைந்திருப்பதை ஃப்ரிட்ஜுக்கு மாற்றி இளக விட்டு, முழுக்கக் குளிர் போகும் முன் அடித்தால் மூன்று மடங்குக்கு மேல் பொங்கும். எதுவரை அடிப்பது என்பதில்தான் சர்ச்சை. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது என்பது முதற்பள்ளி (மாடிவீட்டு அத்தை, நேர்ப்பேச்சு, படிக்கட்டில்). பீட்டரைத் தூக்கினால் கிரீமின் நுனி லேசாகத் தலைசாய வேண்டும் என்பது இரண்டாம் பள்ளி (மேற்படி அத்தை, மறுநாள், திருத்திய பதிப்பு). உண்மையில் இரண்டும் சரி. ரோஜா பிழிய முதலாவது வேண்டும். கேக்கைச் சுற்றிப் பூச இரண்டாவது. அதையும் தாண்டி அடித்தால் கிரீம் குருணையாகி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அப்போது அடிக்காத கிரீம் கொஞ்சம் விட்டுக் கையால் கிளறினால் மீளும் (அத்தையின் நாத்தனார், கோலார் தங்கவயல், வாட்ஸ்அப் குரல்பதிவு, மூன்றாவது குக்கர் விசிலுக்குப் பின் மூலம் சிதைந்துள்ளது).

நாசில் பற்றி ஒரே வரி: 24 நாசில் உள்ள பெட்டி வாங்கியவருக்கு, 1எம் என்ற நட்சத்திர நாசிலைத் தவிர மற்றவற்றைக் கழுவவே நேர்வதில்லை.

இனி எழுத்து. இத்துறையின் உயிர்நாடி இங்கேதான் இருப்பதால் சற்று விரித்துரைக்கப்படும்.

அரைக் கிலோ வட்டக் கேக்கின் அகலம் பொதுவாக 6 அங்குலம், 15 செ.மீ. சொச்சம். ஆங்கிலத்தில் ‘பர்த்டே’ எட்டு எழுத்து. தொடக்கநிலையாளர் ஓரெழுத்துக்கு 2 செ.மீ. எடுத்துக்கொள்கிறார். எட்டிரண்டு பதினாறு. ஆகவே கடைசி எழுத்து கேக்கிலிருந்து கீழே விழுந்தாக வேண்டும். விழ மறுப்பதால் முந்தைய மூன்று எழுத்துகளை நெருக்கித் தள்ளி, மேலே ஏறிக்கொள்கிறது. இதற்கு ‘வலவிளிம்பு நெருக்கம்’ எனப் பெயரிடலாம். இதற்கு மருந்தும் உண்டு. எழுத்துகளை எண்ணி, நடு எழுத்தின் இடத்தைப் பல்குத்தும் குச்சியால் முதலில் குறித்துக்கொண்டு இரு பக்கமும் விரிய வேண்டும். பைப்பிங் பையில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. உள்ளங்கைச் சூட்டில் கிரீம் இளகிவிடும். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் எழுதி, வழித்துப் பைக்குள் போட்டு மறுபடி எழுதிப் பழகலாம். ஆனால் வகுப்பில் சேர்ந்தவருக்குத் தட்டில் எழுதப் பொறுமை இருப்பதில்லை. அவருக்கு ரோஜா வேண்டும்.

தமிழில் பெயர் எழுதச் சொல்லும்போது சிக்கல் முற்றுகிறது. காரணம், புள்ளி. ஏட்டுச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. கேக்வெட்டிலோ புள்ளி மிகுகிறது. கை நடுங்கிச் சிந்திய கிரீமெல்லாம் புள்ளியே. ‘கார்த்திக்’ என்னும் பெயருக்கு மூன்று புள்ளி வேண்டும். விவேக் நகரில் ஆராயப்பட்ட பிளாக் ஃபாரஸ்ட் கேக்வெட்டு ஒன்றில் கிரீம் புள்ளி ஒன்றுகூட இல்லை. செர்ரிகள் மட்டும் நான்கு உள்ளன. அவற்றில் இரண்டு முறையே ‘ர’, ‘க’ ஆகியவற்றின் மேல் சரியாக அமர்ந்துள்ளன. மூன்றாவது ‘தி’யின் மேல்விலங்கின் மேல். நான்காவது எந்த எழுத்தையும் சாராமல் ஓரத்தில்.

செர்ரி புள்ளியே என்பது மாடிப் பள்ளியின் துணிபு. செர்ரி வெறும் செர்ரியே, புள்ளி எழுதியவர் மறந்தது என்பது தரைத்தளப் பள்ளி (வீட்டுக்கார அம்மா, வாய்மொழி, தண்ணீர் லாரி வந்த காலை, வாளி இரண்டு நிரம்பும் இடைவெளியில், ஒப்புநோக்குக: அவர் மகன், அதே வரிசை, மாற்றுக் கருத்து, வாளியோடு). மூன்றாம் செர்ரி ‘த்’துக்கு உரியது, கேக்கை வியாழக்கிழமை குழந்தை இயேசு ஆலய நெரிசலில் ஸ்கூட்டரில் கொண்டுவந்தபோது ஓரெழுத்து வலப்பக்கம் நகர்ந்தது என்பது ஸ்கூட்டர் ஓட்டியவரின் மறுப்பையும் மீறி நிலைபெற்ற கொள்கை (பக்கத்து வீட்டுச் சித்தப்பா, ‘செர்ரிப் பெயர்ச்சி’, இரு தொகுதிகள், முதல் தொகுதி இரவு உணவுக்கு முன், இரண்டாம் தொகுதி வெற்றிலைக்குப் பின், சித்தியின் மறுப்புரையுடன் சேர்த்து வாசிக்கத்தக்கது). நான்காம் செர்ரி இடைச்செருகல்.

இச்சர்ச்சை தீருமுன் மூலம் உண்ணப்பட்டது. மூன்றாம் செர்ரியைப் பிறந்தநாள் குழந்தை தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டதாகத் தெரிகிறது. ஆய்வுலகம் இதற்காக வருந்தத் தேவையில்லை. மூலம் கைக்கு எட்டும்வரை இரண்டு கட்டுரைதான் தேறும். தொலைந்துவிட்டால் தலைமுறைக்கு வேலை. நேரில் பார்க்காத கல்லைப் பற்றி, பிறர் எடுத்த மங்கலான படத்தை வைத்து, ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி மூன்று பன்னாட்டுக் கருத்தரங்குகளில் வாசித்து, மூன்று பையும் மூன்று சான்றிதழும் பெற்றவர்களுக்கு இது விளக்காமலே புரியும். (மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டினால் அது பன்னாட்டுக் கருத்தரங்கமாகும்.)

அழகியல் பற்றி ஒரு குறிப்பு. ஜோசப் லம்பெத் 1934இல் நூலாக்கிய அடுக்கடுக்கான பிழிவேலை, இன்று ‘வின்டேஜ்’ என்ற பெயரில் இதய வடிவக் கேக்காக இன்ஸ்டாகிராமில் திரும்பியிருக்கிறது. தொடக்கநிலையாளருக்கு இது வரம். அடுக்கு மேல் அடுக்காகப் பிழிவதால், கீழே பூசியது கோணல் என்று யாருக்கும் தெரியாது.

நிறம் பற்றி மட்டும் விளையாட்டு வேண்டாம். கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை 2024இல் பெங்களூருப் பேக்கரிகளின் கேக் மாதிரிகள் 235ஐச் சோதித்ததில், 12இல் செயற்கை நிறமிகள் ஆபத்தான அளவில் இருந்தன. ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் வகைகளை அத்துறை பெயர் சொல்லியே எச்சரித்தது. இக்கட்டுரையில் ஆய்வகம் ஒன்றைக் கண்டுவந்த ஒரே தகவல் இதுதான். புதிதாகக் கற்பவர் சிவப்பு போதவில்லை என்று சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். ஜெல் நிறம் கலந்த கிரீமைச் சற்று நேரம் வைத்தாலே அடர்ந்து வரும். காத்திருந்தால் பாதி நிறமே போதும்.

விவேக் நகர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேக்கை வெட்டுமுன் நேர்மேலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள், செர்ரிகள் தெரியும்படி. பெயரில் எட்டு எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால் அரைக் கிலோ சொல்லாதீர்கள். ஒரு கிலோவாகச் சொல்லுங்கள்.