வராமலே வாசிப்பவர்கள்

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இருக்கும் தேனி மாவட்டத்தில், ‘எனக்குப் பாட வராது’ என்று சொல்வது ஏறக்குறைய ஊர்த் துரோகம். அதனால் ஆண்டிபட்டிப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு மேடை போட்டால், பகலெல்லாம் தறியில் உட்கார்ந்தவரும் ராத்திரி மெல்லிசைக் கலைஞராகிவிடுவார்.

பேனரில் வயலின், புல்லாங்குழல், டிரம்பெட் எல்லாம் உண்டு. மேடையில் இருப்பதோ ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, ஒரு பேடு. மிச்ச வாத்தியங்கள் கீபோர்டுக்குள்ளேயே குடித்தனம். குறை சொல்ல நமக்கு வாய் ஏது? 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்த தொகுதி இது. வராமலே ஜெயிப்பது இங்கே பழகிய ராகம்.

முதல் பாட்டு முடிந்ததும் பொன்னாடைப் படலம். கவுன்சிலர், பந்தல்காரர், ஜெனரேட்டர்காரர் என்று வரிசை நீளும். ‘அண்ணே, எங்க மாமா பேர விட்டுட்டீக’ என்று துண்டுச்சீட்டு வேறு வரும். பொன்னாடை தீர்வதற்குள், ஒலிபெருக்கியை நிறுத்தச் சட்டம் சொல்லும் பத்து மணி வந்துவிடும்.

நடுவில் சுருதி விலகினாலும் விழாக் கமிட்டி யாரையும் இறக்கிவிடுவதில்லை. சென்னைக்குப் போகுமுன் ராஜாவும் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் வாசித்தவர்தானே? அடுத்த ராஜாவை விரட்டிய பழி நமக்கெதற்கு என்று, சரணம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறார்கள்.