கூவுகிற கார்களுக்குக் குறுக்குக் கேள்விகள்

கேள்வி: காருக்குப் புது ரேடியோ செற்றும் அம்பிளிபயரும் பூட்டினேன். அக்சிலரேற்றரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரும் சேர்ந்து கூவுகிறது. யாரைப் பிடிப்பது? (அளவெட்டி வாசகர்)

நாதஸ்வரத்துக்குப் பெயர்போன ஊர்க்காரருக்குச் சுருதி சேராத ஒரு வாத்தியத்தோடு மல்லாகம் வரைக்கும் போய்வருவதுகூடத் தண்டனைதான். கூவுவது அல்ரனேற்றர். அது பிறப்பிப்பது ஆடலோட்டம். உள்ளே இருக்கும் டயோடுகள் அதை நேரோட்டமாக்கினாலும் சிறு அலைகள் மிஞ்சும். 12 முனைவுள்ள அல்ரனேற்றர் என்றால் ஒரு சுற்றுக்கு 36 அலை. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும்போது அல்ரனேற்றர் 2000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள்: வினாடிக்கு 1200 அலை. எஞ்சினை 2000 சுற்றுக்கு மிதித்தால் 3000. காது துல்லியமாகக் கேட்கிற இடம் பார்த்துத்தான் வந்து உட்காருகிறது.

இந்த அலை எல்லாக் காரிலும் உண்டு. உங்கள் ஸ்பீக்கருக்குள் மட்டும் ஏன் வந்தது? செற்றின் எர்த் டாஷ்போர்டில், அம்பிளிபயரின் எர்த் டிக்கியில். இரண்டுக்கும் நடுவே பொடியில் மின்னோட்டம் ஓடுவதால் மிகச் சிறிய வோல்ற் வித்தியாசம் வரும். அது இரண்டையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. வயரின் வெளிப்பின்னல் வழியே நடக்க, அம்பிளிபயர் அதையும் பாட்டென்று நினைத்துப் பெருக்கிவிடுகிறது. எர்த் ஆணியைக் கழற்றுங்கள். அடியில் பெயிண்ட் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். வெறும் இரும்பு மின்னும்வரை சுரண்டி, பொசிற்றிவ் வயர் அளவு தடித்த வயரால், 45 சென்ரிமீற்றருக்குள், இறுக்கிப் பூட்டுங்கள். பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள். கீரிமலை, மாதகல் பக்கம் அடிக்கடி ஓடுகிறவர்கள் இதை மறந்தால் உப்புக்காற்று ஞாபகப்படுத்தும்.

கேள்வி: கடைக்காரத் தம்பி "ஒரு ஃபில்ற்றர் போட்டால் போதும்" என்கிறாரே?

அவருக்குப் போதும். ஆர்.சி.ஏ. வயரில் மாட்டும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது சின்ன ட்ரான்ஸ்போமர். கூவல் போகும், மலிவானதென்றால் அடித்தொனியும் கூடவே போகும். அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பை வலந்தலையால் மட்டும் கேட்கச் சம்மதமென்றால் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு சோதனை: செற்றை நிறுத்திவிட்டு அம்பிளிபயரிலிருந்து ஆர்.சி.ஏ. வயரைக் கழற்றி, செற்றை மறுபடி போட்டுப் பாருங்கள். கூவல் நின்றால் பிழை வயரிலோ செற்றிலோ. நிற்காவிட்டால் அம்பிளிபயரின் எர்த்தில் அல்லது பற்றரி வயரில். செற் ஓடும்போதே கழற்றாதீர்கள். சில செற்றுகளில் அந்த வெளிப்பின்னலைக் காக்கும் குட்டி பியூஸ் எரிந்து, இல்லாத கூவலும் புதிதாக வந்து சேரும்.

கேள்வி: அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 காருக்குப் புது செற் பூட்டியதும் பியூஸ் போய்விட்டது. காருக்குப் புதுப்பாட்டுப் பிடிக்கவில்லையா?

காருக்குத் தலைகீழ்ச் சம்பிரதாயம். 1950களில் வந்த பெரும்பாலான பிரித்தானியக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகும். இன்றைய செற்றின் தகரக்கூடு நெகற்றிவ். ஆணி போட்டு இறுக்கிய கணமே இரண்டும் முட்டிக்கொள்ளும். கூட்டை றப்பர் வைத்துப் பிரித்தாலும் ஏரியல் வயரின் பின்னல் பொடியைத் தொட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல வழி, காரையே நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றுவது. பற்றரி முனைகளை மாற்றி, இக்னிஷன் கொயிலின் இரு வயர்களையும் மாற்றிப்போட்டு, டைனமோவின் முனைவைத் திருப்பிவிடத் தெரிந்த பழைய வயர்மன் ஒருவர் வேண்டும். லைற்றுக்கும் ஸ்ராற்றருக்கும் திசை பேதம் கிடையாது. டைனமோ இரைந்தால் அதன் டி முனையில் ஒரு கண்டென்சர் போடலாம், எஃப் முனையில் வேண்டாம். 1990களின் பெற்றோல் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து ஏ40கள் மண்ணெண்ணெய் குடித்து ஓடியவை. இந்த மாற்றத்துக்கெல்லாம் அவை முகம் சுளிக்காது.

கேள்வி: கூவல் இல்லை, டிக் டிக் என்றுதான் கேட்கிறது.

ஸ்பார்க் பிளக். தடை உள்ள பிளக் போடுங்கள், பழைய பிளக் வயரையும் மாற்றுங்கள்.

கேள்வி: போனைச் சார்ஜில் போட்டால் மட்டும் இரைகிறது.

சார்ஜரின் எர்த்தும் ஓக்ஸ் வயரின் எர்த்தும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. புளூரூத்தில் பாடவிடுங்கள். இல்லையேல் போனும் நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்துப் போர் இடப்பெயர்வுக்கு முன் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். அந்த இரைச்சலும் எர்த் பிழையா? (ரொறன்ரோ வாசகர்)

இல்லை, அதில் எர்த் உத்தமம். சைக்கிள் டைனமோவில் ஒரு முனைக்குத்தான் வயர், மற்றது சட்டகம். டைனமோ பிடியில் உள்ள கூர் ஆணி பெயிண்டைத் துளைத்து இரும்பைத் தொடும். கார்க்காரர் மறப்பதைச் சைக்கிள் கம்பனி ஓர் ஆணியால் செய்து தந்தது. இரைந்தது டைனமோவின் ஆடலோட்டம். டயோட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கண்டென்சர் போட்டவர் வீட்டில் செய்தி தெளிவாகக் கேட்டிருக்கும். போடாத வீட்டில், மிதிக்கிறவர் வேகம் கூட்டக் கூட்டச் செய்தியோடு இரைச்சலும் ஏறும்.

கேள்வி: எல்லாம் செய்துவிட்டேன். எஞ்சினை நிறுத்தினாலும் "ஸ்ஸ்ஸ்" என்கிறது.

எஞ்சின் நின்ற பிறகும் கேட்டால் அல்ரனேற்றர் நிரபராதி. அம்பிளிபயரின் கெயினை முழுதாகத் திருகி வைத்திருப்பீர்கள். அது வொலியூம் இல்லை ஐயா, குறையுங்கள்.