மப்ளர் கட்டிய பேட்டரி

நீலகிரியில் எமரால்டு பக்கம் ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, ஒருவராவது இப்படி இருக்கிறார். வீட்டில் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவர் பேட்டரிக்காரர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பெரும்பாலும் அருவங்காடு. தீப்பெட்டியோடு உள்ளே போகமுடியாத அந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்து, பத்து விரலையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தவர். கைக்கு வந்த பணத்தில் மகள் கல்யாணம் முடிந்தது, தகரக் கூரை கான்கிரீட் ஆனது. மிச்சத்துக்கு ஒயர் இல்லாத மெஷின்கள் வந்து இறங்கின.

ஏன் பேட்டரி என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அணையிலிருந்து ஆரம்பிப்பார். குந்தா மின்திட்டம், அதற்குக் கனடாக்காரன் செய்த உதவி, எமரால்டுத் தண்ணீரும் அவலாஞ்சித் தண்ணீரும் ஒன்றாகக் கலக்கிற விதம் எல்லாம் வரும். "இத்தனையும் நம்ம வாசல்ல. கரண்ட் மட்டும் கீழ்நாட்டுக்குப் போகுது தம்பி. இங்க ஒரு கற்பூர மரம் கம்பியில சாஞ்சா மெழுகுவத்திதான்" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்கும் தன் டிரில் மட்டும் சுற்றியது என்று இன்றுவரை பெருமைப்படுகிறார். அந்த மழையில் எதைத் துளைத்தார் என்று யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் தேயிலை, பக்கத்தில் நாலு பாத்தி கேரட், முன்னால் சைப்ரஸ் வேலி. இதற்கு ஒரு ஹெட்ஜ் டிரிம்மர், ஒரு புல்வெட்டி, ஒற்றைக் கையில் பிடிக்கிற குட்டி ரம்பம், முதுகில் மாட்டி மருந்தடிக்கிற ஸ்பிரேயர், கொழுந்து பறிக்கிற மெஷின். எல்லாம் 21 வோல்ட். பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது 18 வோல்ட் என்பதில் இவருக்கு உள்ளூர ஒரு இரக்கம். இரண்டுக்குள்ளும் இருப்பது அதே ஐந்து செல்தான். செல்லுக்கு 3.6 என்று கணக்குப் போட்டால் 18. சார்ஜ் முழுசாக ஏறிய நிமிஷத்தில் ஒவ்வொன்றும் 4.2 காட்டும், அப்போது 21. ஒரு கம்பெனி சின்ன எண்ணை ஒட்டுகிறது, இன்னொன்று பெரிய எண்ணை ஒட்டுகிறது. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. நல்ல மனிதரின் மனசை நோகடிப்பானேன்?

டிசம்பர், ஜனவரியில்தான் அவரைப் பார்க்க வேண்டும். விடிகாலையில் கேரட் பாத்தி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் போடக் கூடாது. போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், படிந்தது பிறகு என்றைக்காவது ஷார்ட் அடிக்கும். கையேட்டில் இந்த வரியை மட்டும் பேனாவால் அடிக்கோடு போட்டிருக்கிறார். அதனால் பனி தொடங்கியதும் பிள்ளை பெற்ற வீடு போல ஆகிவிடும். பேட்டரிகள் அடுப்பங்கரைக்குக் குடிவரும். வீட்டம்மாவின் மப்ளரைச் சுற்றி, விறகடுப்புக்கு ஒரு முழம் தள்ளிப் படுக்கவைத்து, சார்ஜரையும் மாட்டிவிடுவார். சார்ஜ் ஏறும்போது பேட்டரியை மூடாதே, சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே என்பது அதே கையேட்டில் அடுத்த வரி. அந்த வரிக்கு வருவதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது.

"என்னங்க, எனக்கும்தான் காது குளிருது" என்பார் அந்த அம்மா.

"நீ பதினஞ்சாயிரம் ரூபாயா?"

பேட்டரிக்கு இத்தனை செய்கிறவர் தனக்கு என்ன செய்துகொள்கிறார்? பாதுகாப்புக் கண்ணாடி உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது, கீறல் விழுந்துவிடுமாம். காலில் ரப்பர் செருப்பு. தோளில் கம்பளிச் சால்வை. அதன் முனை சுற்றுகிற பிளேடை எட்டிப்பார்த்தபடி தொங்கும். சொன்னால் சிரிப்பார். "நான் வெடிமருந்தோடயே புழங்கினவன். இது சத்தம்கூடப் போடாத சாது."

வில்லங்கமே அங்கேதான். பழைய பெட்ரோல் மெஷின் கயிற்றை இழுக்க இழுக்க இருமும், புகை கக்கும், அப்புறம் மலை அதிர அலறும். அந்த அலறலிலேயே நாய் ஓடும், பேரப்பிள்ளை வீட்டுக்குள் போகும், தேயிலைக்குள் மேய்கிற காட்டெருமைகூட யோசிக்கும். புல் வெட்டும்போது பதினைந்து மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. பேட்டரி வந்ததும் சத்தம் குறைந்தது, பல் குறையவில்லை. நிறுத்திய பெட்ரோல் மெஷினைத் திரும்பக் கிளப்ப ஒரு ஆள் மூச்சு வேண்டும். இதற்கு விரல் பட்டால் போதும். அவர் புல் வெட்டும்போது ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நெருங்கி வந்து நிற்கின்றன; கல் தெறித்தால் முதலில் வாங்குவது அதுகள்தான்.

ஒருநாள் டிரிம்மர் பல்லில் கொடி சிக்கிக்கொண்டது. அவர் விரலை விட்டு நோண்டினார். பக்கத்துத் தோட்டத்தில் கத்தரியால் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"ஐயா, பேட்டரியக் கழட்டிட்டு எடுங்க."

"ஆஃப்ல தாம்மா இருக்கு."

"ஆஃப்ல இருக்கறதுதானே ஐயா ஆனாகும்?"

இந்தக் கேள்விக்கு அருவங்காட்டு அனுபவத்தில் பதில் இல்லை. ஆனாலும் கழற்றவில்லை. பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்துவிடுமாம்.

குட்டி ரம்பத்தை வைத்து அவர் செய்கிற வேலை இன்னும் விசேஷம். சரிவில் ஒரு முக்காலி, முக்காலி மேல் அவர், ஒற்றைக் கையில் ரம்பம், மறு கையில் அறுக்கப்போகிற சில்வர் ஓக் கிளை. ரம்பத்தின் மூக்கு நுனியில், மேல்பக்கம் மரத்தில் பட்டால், அது அறுப்பவரின் முகத்தைப் பார்த்துத் துள்ளும். ரம்பம் குட்டியானதால் துள்ளலும் குட்டி என்று அவர் நம்புகிறார். இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் வருஷத்திலிருந்தே ஒரு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது காதால் மட்டும் கேட்கிற சட்டம் என்பது அவர் எண்ணம். பேட்டரி ரம்பத்தின் சத்தம் ரேஞ்சர் ஆபீஸ் வரைக்கும் போகாதல்லவா.

இரவல் கேட்டு வருகிறவர்களை அவர் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. டிரிம்மரைத் துடைத்து, எண்ணெய் தடவி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கி, வாசல் வரைக்கும் வந்து கொடுப்பார். கொடுக்கும்போது கொக்கியை அமுக்கி பேட்டரியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வார். தேயும் என்ற கவலை அந்த ஒரு நேரத்தில் மட்டும் வருவதில்லை. எமரால்டில் விதிப்படி பேட்டரி கழற்றப்பட்ட நிலையில் மெஷின் கைமாறுகிற ஒரே வீடு அவருடையதுதான்.