அப்பாவைச் சின்னதாக்கியவர்

கேள்வி: ரான் மியூக் செய்யும் சிலைகள் அச்சு அசலாக மனிதர்கள் போலவே இருக்கின்றன. மெழுகு மியூசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: மெழுகு மியூசியத்தில் யார் தோளிலும் கைபோட்டு செல்ஃபி எடுக்கலாம், உயரம் சரியாக இருக்கும். மியூக்கிடம் அது நடக்காது. ஒன்று, சிலை உங்கள் இடுப்பளவுக்கு நிற்கும். இல்லாவிட்டால் நீங்கள் அதன் முழங்காலுக்கு நிற்பீர்கள். ஆளுயரத்தில் மட்டும் செய்வதில்லை என்பதில் மனிதர் பிடிவாதக்காரர். தவிர, அங்கே நடிகர்கள், தலைவர்கள். இங்கே யாருக்கும் பெயர் கிடையாது.

கேள்வி: எந்தக் கலைக்கல்லூரியில் படித்தார்?

பதில்: எதிலும் இல்லை. 1958-ல் மெல்போர்னில் பொம்மை செய்பவர்கள் வீட்டில் பிறந்தவர். டிவிக்கும் சினிமாவுக்கும் பொம்மை செய்தார். 1986-ல் வந்த 'லாபிரிந்த்' படத்தில் லூடோ என்ற பூதத்தின் குரல் இவருடையது. மாமியார் பவுலா ரேகோ பெயர்பெற்ற ஓவியர். அவருக்காக 1996-ல் பினோக்கியோ என்ற கதைச் சிறுவனின் சிலை ஒன்றைச் செய்து கொடுத்தார். அது சார்ல்ஸ் சாட்சி என்ற பெரும்பணக்காரச் சேகரிப்பாளரின் கண்ணில் பட்டது. மாமியாரால் விடிந்த மருமகன்கள் பட்டியல் மிகச் சிறியது, இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெற்ற தகப்பனின் பிணத்தை, அதுவும் உடையில்லாமல், சிலையாக்கிக் காட்சிக்கு வைத்தாராமே. மரியாதையா இது?

பதில்: 1997-ல் லண்டன் ராயல் அகாடமியில் 'சென்சேஷன்' என்று ஒரு கண்காட்சி. ஃபார்மலினில் மிதக்கும் சுறா உட்பட, பார்த்தவர்களை அலறவைத்த சரக்குகள் நிறைய. அவற்றின் நடுவே தரையில் ஒரு சின்ன மனிதர் மல்லாந்து கிடந்தார். நீளம் 102 சென்டிமீட்டர். உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருந்தன. பாதத் தோலின் சுருக்கம்வரை எதுவும் விடுபடவில்லை. உடம்பில் நட்டிருந்த முடி மகனின் சொந்த முடி.

வெற்றுடம்பு முதலில் உறுத்தும்தான். ஆனால் அவரைச் சரியாகப் பார்க்க நீங்கள் குனிந்தாக வேண்டும். அண்ணாந்து பார்த்தே பழகிய அப்பாவை, நாலு வயதுப் பையன் அளவில் குனிந்து பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆளுயரத்தில் செய்திருந்தால் அது வெறும் பிணம். இறந்தவர் எத்தனை சின்னவராகிவிடுகிறார் என்பதை மியூக் அளந்தே காட்டிவிட்டார். அதற்குமேல் ஒரு மகன் என்ன மரியாதை செய்ய முடியும்?

கேள்வி: பிறந்த குழந்தையை மட்டும் ஐந்து மீட்டர் நீளத்துக்குச் செய்திருக்கிறாரே!

பதில்: கைக்குழந்தை உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஐந்து மீட்டர் குறைச்சல் என்பார்கள். 2006-ல் செய்த அந்தப் பெண் குழந்தை ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்குச் சொந்தம். தொப்புள்கொடி, ரத்தக்கறை, தலையோடு ஒட்டிய ஈரமுடி. ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்து நம்மை வேண்டாவெறுப்பாகப் பார்க்கிறது.

கேள்வி: பிறப்பும் இறப்பும் போதும். காதல் உண்டா?

பதில்: உண்டு, பின்பக்கமாகப் போனால் வில்லங்கம். 2013-ல் செய்த இளஞ்ஜோடி ஒரு மீட்டருக்கும் குறைவான உயரம். முன்னால் பார்த்தால் பையன் அவள் காதருகே சாய்ந்து ஏதோ சொல்கிறான். கல்யாணப் பத்திரிகையில் போடலாம். சுற்றி வந்து பின்னால் பாருங்கள்: அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறான். மிரட்டுகிறானா, போகாதே என்று கெஞ்சுகிறானா? சிலை சொல்லாது. மியூக்கும் சொல்ல மாட்டார். பேட்டி கொடுப்பதே அபூர்வம்.

கேள்வி: எப்படிச் செய்கிறார்?

பதில்: முதலில் களிமண். பிறகு அச்சு. அதில் சிலிகானோ ஃபைபர் கிளாஸோ. முடியை ஒவ்வொன்றாக நடவேண்டும். ஏறக்குறைய முப்பது வருடத்தில் சுமார் ஐம்பது சிலைதான் தேறியிருக்கிறது.

கேள்வி: சினிமாக்காரனின் கைவித்தை, இதில் கலை எங்கே என்று சிலர் கேட்கிறார்களே?

பதில்: கைவித்தை மட்டும் என்றால் ரோமக்காலை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இவருடைய ஆட்களில் பலர் நம்மைப் பார்ப்பதில்லை, அதுதான் விஷயம். 2013-ல் செய்த ஒரு பெண்: கோட்டுக்குள் குழந்தை, இரண்டு கையிலும் கடைப் பைகள். குழந்தை அண்ணாந்து அம்மாவைப் பார்க்கிறது. அம்மா எங்கோ பார்க்கிறாள். குழந்தையிடம் அன்பில்லாமல் இல்லை, தெம்பில்லை. இதோடு ஒப்பிட்டால், 2017-ல் மெல்போர்னுக்காக நூறு ராட்சத மண்டையோடுகளைக் குவித்தது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிரமிப்பு உண்டு. ஆனால் மண்டையோட்டுக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளக் கண் ஏது?

கேள்வி: வீட்டில் ஒன்று வைக்க ஆசை. எதைச் சிபாரிசு செய்வீர்கள்?

பதில்: 'மாஸ்க் 2'. மியூக் தன் முகத்தையே தூங்குகிற மாதிரி செய்தது. வாய் லேசாகப் பிளந்து, கன்னம் அழுந்தி, சவரம் செய்யாத முள்தாடியோடு. பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் கூடு. முகம் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் அகலம். கூடத்துச் சோபாவில் ஏற்கெனவே ஒருவர் இப்படித் தூங்கிக்கொண்டிருந்தால், முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.