டிஎன் 60-க்குப் பக்கத்தில் யார்?

கேள்வி: தேனி மாவட்ட வண்டிகளின் நம்பர் பிளேட்டில் ஒட்டிக் காய்ந்த ஸ்டிக்கரை எடுப்பது எப்படி?

பதில்: டிஎன் 60-க்குப் பக்கத்தில் கட்சிக்கோ கடவுளுக்கோ மோட்டார் வாகன விதியில் இடமில்லை. சூடு பட்டால் பசை இளகும். கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலே பாதி வேலையை முடித்துவிடும். மீதிக்கு வெந்நீரில் நனைத்த துணி. மூலையை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரிக்க வேண்டும். மிஞ்சும் பிசுக்கில் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டுத் துடைத்து, சோப்பு நீரில் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் கம்பம்மெட்டுப் புழுதி அதில் குடியேறும். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்புப் பிளேட்டுக்கு பிளேடும் தின்னரும் ஆகாது. ஒளியைப் பிரதிபலிக்கும் படலம் கெட்டுவிடும். ஸ்டிக்கரோடு நம்பரும் உரிந்தால், அடுத்த கேள்வியைப் போலீஸ்காரர் கேட்பார்.