ஒரே பூசணிக்காய், மூன்று ஏலம்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயல் குறைந்து சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் பெருகிவிட்டன. ஆனாலும் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை நிற்கவில்லை. காணிக்கைக் காய் சந்தையிலிருந்து வந்தாலும் கர்த்தர் கோபிப்பதில்லை. அந்தக் காணிக்கைகளை ஏலம் விடும்போது பூசணிக்காய் கடைவிலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறு ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். ஒரே காய் மூன்று முறை விற்கும் வணிகத்தைச் சிப்காட்டில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சிப்காட்டுக்கும் தருமக் கணக்கு உண்டு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டினாலே மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை. இந்த 2 சதவீதத்துக்குக் குழு, கொள்கை, அறிக்கை எல்லாம் உண்டு. சபையார் கொடுக்கும் தசமபாகமோ 10 சதவீதம். அதற்கு ஒரு காணிக்கைப் பை போதும்.

ஏலப் பணத்தில் ஒரு பங்கு பக்கத்து முதியோர் இல்லத்துக்கோ பிள்ளைகள் விடுதிக்கோ போகும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பது போதனை. அதை அப்படியே கடைப்பிடிக்கிறோம்: ஃபோட்டோவில் அரிசி மூட்டை ஒன்று, அதைப் பிடித்திருக்கும் கைகள் பத்து, அத்தனையும் வலக்கை.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள்: டிசம்பரில் விடுதிக்குக் கேக்கோடு போகிறவர்கள் ஜூனில் நோட்டுப் புத்தகத்தோடும் போகலாம். அப்போது கூட்டம் இருக்காது. ஃபோட்டோவில் முகம் தெளிவாக விழும்.