ஆவடி வண்டி, தாம்பரம் பட்டறை

(உலோகத்தில் டாங்கி மாதிரி செய்வது பற்றித் தென்சென்னைப் புறநகர் வாசகர்கள் கேட்ட கேள்விகள்)

வெளிநாட்டிலிருந்து உலோக டாங்கி கிட் வரவழைக்கலாம் என்று சேமித்து வருகிறேன். எதை வாங்கலாம் சார்?
*- ஐ.டி. ஊழியர், சேலையூர்*

இங்கிலாந்தின் ஆர்மர்டெக் 1/6 அளவில் டைகர், பாந்தர், செஞ்சுரியன் எல்லாம் செய்கிறது. அசல் எஃகு, அசல் அலுமினியம். விலையும் அசல்தான்! ஜப்பானின் டாமியா 1/16 அளவில் பிளாஸ்டிக் உடலும் உலோக கியர் பெட்டியுமாகக் கொடுக்கிறது. இரண்டும் அருமையான வேலை. ஆனால் நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் பெரிய அளவு உலோக விஜயந்தா டாங்கி இல்லை. ஆவடியில் பிறந்த வண்டியைத் தாம்பரத்துக்காரர் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? சேமிப்பில் பாதியை எடுத்துத் தகடு வாங்குங்கள்.

அது ஏன் விஜயந்தா? அர்ஜுன் இருக்கிறதே!
*- கல்லூரி மாணவர், மேடவாக்கம்*

அர்ஜுன் மேல் எனக்கும் ஆசை உண்டு, தம்பி. முதல் வண்டிக்கு விஜயந்தாவைச் சொல்வதற்கு அதன் உடம்பே காரணம். வேறொரு டாங்கியான டி-72-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கோபுரம் வார்ப்பு. உருண்டு திரண்ட அந்த வடிவத்தை வீட்டுப் பட்டறையில் கொண்டுவருவது பெரும்பாடு. விஜயந்தாவின் கோபுரமோ உருட்டிய எஃகுத் தகடுகளை வெட்டி, பற்றவைத்து உருவானது. தட்டையான முகங்கள், நேரான விளிம்புகள். அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு அதே அளவில் தகடு வெட்டலாம்.

கதையும் நம்முடையது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு. 1965 முதல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உற்பத்தி. 1980களின் தொடக்கம் வரை ஏறக்குறைய 2,200 வண்டிகள். 105 மி.மீ. பீரங்கி, சுமார் 39 டன் எடை, நான்கு பேர் குழு. 1971 போருக்கும் போய்வந்தது. இவ்வளவு செய்த வண்டிக்கு வீட்டு அலமாரியில் ஓர் இடம் கொடுக்க நமக்கு ஏன் தயக்கம்?

1/6 அளவா, 1/16 அளவா? வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
*- மாடம்பாக்கம் வாசகி*

கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது, அம்மா. நீளம் ஆறில் ஒரு பங்கானால் எடை 216-ல் ஒரு பங்கு. 39 டன்னை 216-ஆல் வகுத்தால் 180 கிலோ. உள்ளே வெற்றிடம் விட்டு எவ்வளவு இளைக்க வைத்தாலும் நான்கு ஆள் பிடிக்கும் சாமான் அது. 1/16-ல் வகுக்கும் எண் 4,096. ஒன்பதரைக் கிலோ, பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். இடுப்பில் வைத்துக்கொண்டே படியேறலாம்.

அதே அளவில் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?
*- பள்ளி மாணவர், ராஜகீழ்ப்பாக்கம்*

அசல் மணிக்கு 48 கி.மீ. போகும். 16-ஆல் வகுத்தால் 3 கி.மீ. தாத்தா காலாற நடக்கும் வேகம். அதற்கு மேல் ஓட்டினால் டாங்கி எலி மாதிரி ஓடும். பார்க்கிறவர்களுக்கு 39 டன் எடையே மறந்துபோகும்.

சாமான்கள் எங்கே கிடைக்கும்? இணையத்தில் எல்லாமே விலை அதிகம்.
*- பம்மல் வாசகர்*

வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் சந்தைக்குப் போங்கள். பழைய வைப்பர் மோட்டார், அரம், பட்டறைப் பிடிப்பான், பேரிங், தேய்ந்த வெர்னியர் என்று கலந்துகட்டிக் கிடக்கும். வெர்னியர் வாங்கும்போது இரண்டு தாடைகளையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டுக்கு ரிச்சி தெரு. டார்ஷன் பாருக்கு சைக்கிள் கடை.

சைக்கிள் கடையா? விளையாடுகிறீர்களா?
*- அதே பம்மல் வாசகர், அடுத்த கடிதத்தில்*

நிஜமாகத்தான் சொல்கிறேன். டாங்கியின் சக்கரத்தைத் தாங்கும் டார்ஷன் பார், முறுக்கினால் திரும்பித் தன் நிலைக்கே வரும் எஃகுக் கம்பி. வண்டியின் வயிற்றுக்கடியில் குறுக்கே கிடக்கும். ஒரு முனை உடலில் இறுகப் பிடித்திருக்கும், மறுமுனையில் சக்கரக் கை. 1/16 அளவுக்கு 2 மி.மீ. சைக்கிள் போக்ஸ் கம்பி கச்சிதம். பன்னிரண்டு சக்கரம் ஒன்பதரைக் கிலோவைப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 800 கிராம், 18 செ.மீ. கம்பி அதை அலட்டாமல் தாங்கும். கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும் என்பதால் கைகளைச் சற்றுக் கீழே சாய்த்துப் பூட்டுங்கள். எடை ஏறியதும் சரியான உயரத்துக்கு வந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. குறுக்கே போகும் இரண்டு கம்பிகள் ஒரே இடத்தில் கிடக்க முடியாது; ஒன்றையொன்று ஒட்டி அடுத்தடுத்துத்தான் கிடக்கும். அதனால் இப்படிப்பட்ட வண்டிகளில் இடப்பக்கச் சக்கர வரிசையும் வலப்பக்க வரிசையும் நேருக்கு நேர் நிற்காது, சிறிது விலகி நிற்கும். ஒரு பக்கப் படத்தைப் பார்த்து இரு பக்கமும் துளை போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு ட்ரில்லைக் கையில் எடுங்கள். நுணுக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

எங்கள் லேத்துக்கு ஒருவர் டாங்கிச் சக்கரம் கடையக் கொண்டுவந்திருக்கிறார். ஒன்றுபோல் ஒன்று வரவில்லை.
*- லேத் பட்டறைக்காரர், குரோம்பேட்டை*

அண்ணே, பக்கத்துக்கு ஆறு சக்கரம், ஒவ்வொன்றும் இரட்டை. ஆக 24 வட்டு. ஒவ்வொன்றாக அளந்து கடைந்தால் பொறுமையும் போகும், அளவும் போகும். சக்கரத்தின் வெளிக்கோட்டை டூல் முனையிலேயே சாணை பிடித்துவிடுங்கள். ஒரே பாய்ச்சலில் உருவம் வந்துவிடும். போல்ட் துளைகளுக்கு ஒரு ஜிக். டயருக்குக் கறுப்பு நைலான் ராடு கடைந்து ஏற்றலாம். ஓ-ரிங் வேண்டாம், அதன் முதுகு உருண்டை, டாங்கி டயரின் முதுகு தட்டை.

நான் செய்த சங்கிலி ஓட ஓடத் தொங்கிப்போய்க் கழன்று விழுகிறது.
*- பெருங்களத்தூர் வாசகர்*

துளையைப் பாருங்கள். கண்ணிக்குக் கண்ணி 0.1 மி.மீ. தளர்வு இருந்தால், 90 கண்ணிச் சங்கிலி 9 மி.மீ. நீண்டுவிடும். துளையை ஒரு மயிரிழை சிறிதாகப் போட்டு, ரீமர் விட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். முன் சக்கரத்தின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்த வழி வையுங்கள். அசலிலும் சங்கிலியை இறுக்குவது அதுதான்.

பற்றவைத்த தையல் தெரிய வேண்டும். நிஜமாகவே வெல்டிங் செய்யலாமா?
*- தாம்பரம் சானடோரியம் வாசகர்*

செய்தால் தகடு நெளியும், தையலும் தடிமனாகிவிடும். அசலில் 15 மி.மீ. அகலமுள்ள தையல் 1/16-ல் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மளிகைக் கடையிலேயே கிடைக்கும் எம்-சீலைப் பிசைந்து, நூலாக உருட்டி, இரண்டு தகடு சேரும் மூலையில் படுக்க வையுங்கள். தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபிலின் முனையைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் தொட்டு, அரை மி.மீ.க்கு ஒரு அழுத்து. பிறை பிறையாக விழும். ஒரே சீராகப் போகாதீர்கள். வெல்டர் ராடு மாற்றும் இடத்தில் ஒரு சிறு மேடு இருக்கும், அதையும் வையுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு அந்த ஒரு மேடு சொல்லும், இது மனிதன் கை பட்ட இரும்பு என்று.

பெயிண்ட் உரிகிறது.
*- நன்மங்கலம் வாசகர்*

விரல் எண்ணெய். தின்னரில் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் முதலில் எட்ச் பிரைமர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்திருக்கும் நாளில் ஏர்பிரஷை எடுக்கவே வேண்டாம். ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப் பூத்துப்போகும்.

துரு நிறையப் பூசினால் நிஜம்போல இருக்கும் என்கிறான் என் மகன்.
*- வேங்கைவாசல் வாசகி*

படையில் ஓடும் வண்டியைத் தினமும் துடைத்துப் பராமரிக்கிறார்கள். துரு, புகைபோக்கியில் கொஞ்சம் இருக்கலாம். சங்கிலியில் சக்கரம் உருளும் தடம் எப்போதும் பளபளக்கும். வீரர்கள் ஏறி இறங்கும் விளிம்பில் பெயிண்ட் தேயும். மூடிகளின் கைப்பிடியும் அப்படித்தான். மகனை உட்காரவைத்து, நான்கு பேர் இந்த வண்டிக்குள் எப்படி ஏறுவார்கள், கால் எங்கே படும், கை எங்கே பிடிக்கும் என்று கேளுங்கள். அவன் காட்டும் இடத்திலெல்லாம் தேயுங்கள்.

குழலில் சின்னக் குண்டு போட்டுச் சுட வைக்கலாமா?
*- பெயர் வேண்டாம் என்றவர், அனகாபுத்தூர்*

கூடவே கூடாது. எதையாவது வெடித்துத் தள்ளும் குழல் செய்தால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் கேள்வி கேட்கும். ஆபத்து அதற்கும் முன்னால் வந்து நிற்கும். 6.5 மி.மீ. ட்ரில்லால் வாயில் மட்டும் இரண்டு அங்குலம் குடையுங்கள். மிச்சம் கெட்டிக் கம்பியாகவே இருக்கட்டும்.

நிஜ டாங்கியை எங்கே பார்க்கலாம்?
*- கேளம்பாக்கம் வாசகர்*

உங்கள் ஊர்ப்பக்கமே வந்துபோயிற்றே! 2018 ஏப்ரலில் திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் அர்ஜுன் ஓடியது. நிதானமாகப் பார்க்க மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில் (முன்பு அகமத்நகர்) டாங்கிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. விஜயந்தாவும் அங்கே உண்டு. டேப்பும் நோட்டும் கொண்டுபோங்கள். ஆவடித் தொழிற்சாலை வாசலில் கேமராவோடு நிற்காதீர்கள், அது தடைசெய்யப்பட்ட இடம்.

செய்து முடித்ததை எங்கே வைப்பது?
*- வரதராஜபுரம் வாசகர்*

மாடியில். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் உங்கள் வீதிக்குள் எவ்வளவு உயரம் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒரு முறை சங்கிலிக்கு மெல்லிய எண்ணெய்.

ஆவடியில் விஜயந்தா பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. இந்த வேலையில் எனக்கு என்ன இடம்?
*- கிழக்குத் தாம்பரம் வாசகர்*

ஐயா, முதல் இடம். ரகசியம் எதுவும் வேண்டாம், வெளியே தெரியும் பாகங்கள் போதும். எந்த மூடி எந்தப் பக்கம் திறக்கும், எந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் போட இடம் போதாமல் திண்டாடுவீர்கள், எஞ்சின் மூடியைத் தூக்கக் கொக்கி எங்கே மாட்டுவீர்கள் - இதெல்லாம் படத்தைப் பார்த்து எங்களுக்குத் தெரியாது. கை நடுங்கினாலும் பரவாயில்லை, பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். அடுத்த இதழில் முழுப் பக்கத்துக்கு அப்படியே அச்சிடுகிறோம். குரோம்பேட்டை லேத்காரரும் மாடம்பாக்கத்து அம்மாவும் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கப் போகிறார்கள்.